சந்தனம் வைத்த கோபுரம்

நான் ஏழாம் வகுப்பில் படித்த வருஷம்தான் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து முதல்முறையாக ஒரு குழு அந்தப் போட்டிக்குப் போனது. ஓட்டப் போட்டி என்றால் ஊருக்குப் புரியும், பேச்சுப் போட்டி என்றாலும் புரியும். இது வேறு மாதிரி. ஒரு சிக்கலைக் கொடுப்பார்கள். பிள்ளைகள் கூடி மூளையைக் கசக்கித் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். மஹய்யாவவில் எங்கள் வரிசை வீடுகளில் இதை விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. சிக்கலைத் தேடிப்போய் வேறு வாங்கணுமா, வீட்டிலேயே வேண்டியமட்டும் கிடக்கே என்று பக்கத்து வீட்டு மாமா சிரித்தார்.

அந்த வருஷத்துச் சிக்கல் ஒரு கோபுரம். மெல்லிய மரக்குச்சியும் பசையும் தவிர வேறெதுவும் சேரக் கூடாது. முழங்கை உயரம் இருக்க வேண்டும், ஆனால் மொத்த எடை அரை முட்டை கனத்தைத் தாண்டக் கூடாது. அதன் தலையில் ஒரு பலகையை வைத்து, இரும்புத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போவார்கள். அதிகம் தாங்குகிற கோபுரத்துக்குப் பரிசு. இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம் இருந்தது. பெரியவர்கள் கை படக் கூடாது. அப்பா வெட்டிக் கொடுப்பது, டீச்சர் ஒட்டிக் கொடுப்பது எதுவும் நடக்காது. கை பட்டது தெரிந்தால் குழுவையே போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

குழுத் தலைவி என் அக்கா. பதினோராம் வகுப்பில், சாதாரண தரப் பரீட்சைக்கு இருந்தவள். என்னைச் சேர்த்துக்கொண்டது என் மூளைக்காக இல்லை, விரல் மெலிசாக இருந்ததால். குச்சிகளின் சந்துக்குள் விரலை விட்டுப் பசை தடவுவது என் வேலை. நகைக்கடைக்காரர் மகள் ரிஸ்னாவும், தெல்தோட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிற இரண்டு அண்ணன்மாரும் மற்றவர்கள்.

அக்காவுக்கு அது வெறும் போட்டியாக இருக்கவில்லை. அந்தப் பரீட்சை முடிந்ததும் உயர்தர வகுப்பில் கணிதம் படிக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணிதப் பிரிவு கிடையாது. வேறு ஊருக்குப் போய் ஹொஸ்டலில் தங்க வேண்டும். பொம்பளைப் பிள்ளையை ஹொஸ்டலுக்கு அனுப்புவதா என்று அப்பா பிடி கொடுக்கவே இல்லை. அவர் டவுனில் ஒரு புடவைக் கடையில் சேல்ஸ்மேன். துணியைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லுவார், பிள்ளைகளையும் அப்படியே சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு. கடைசியில் ஒருநாள், அந்தப் போட்டியில் மொதல்ல வந்து காட்டு, அப்புறம் ஹொஸ்டலைப் பத்திப் பேசுவோம் என்று சொல்லிவிட்டார். நடக்காத காரியம் என்ற தைரியத்தில் சொன்னது. அக்கா அதை முத்திரை குத்திய பத்திரம்போலப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் கை நீட்டுகிற ஆள் இல்லை. ஆனால் அம்மா ஒரு தப்புச் செய்துவிட்டால் லேசில் விடமாட்டார். எப்போதோ ஒரு தடவை அம்மா கேஸ் அடுப்பை அணைக்க மறந்து கோயிலுக்குப் போய்விட்டாள். அந்தக் கதையை எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்த ஒவ்வொருவரும் கேட்டிருக்கிறார்கள். அப்பா சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். அம்மா குசினிக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டுவாள்.

நாங்கள் கட்டிய கோபுரங்கள் எத்தனை சரிந்தன என்று கணக்கே இல்லை. ஒருவழியாக ஒன்று நிமிர்ந்து நின்றது. ஆனால் எடை கூடிப்போயிருந்தது. அக்கா பிளேடால் ஒவ்வொரு குச்சியையும் சீவிச் சீவி எடையைக் குறைத்தாள். ரிஸ்னாவின் வாப்பாவுடைய கடைத் தராசில் வைத்துப் பார்த்தபோது மயிரிழையில் தப்பியது. தங்கம் நிறுக்கிற தராசு, பொய் சொல்லாது. போட்டி நடக்கிற மண்டபம் எங்கள் வீட்டுக்குத்தான் கிட்ட என்பதால், போட்டிக்கு முந்தின ராத்திரி கோபுரம் பெட்டிக்குள் படுத்து எங்கள் அலுமாரிமேல் தூங்கியது.

சனிக்கிழமை காலை அம்மாவும் எங்களோடு வந்தாள், கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையோடு. அப்பாவுக்குக் கடையில் கூட்டமான நாள், வரமுடியவில்லை. அம்மாவும் ரிஸ்னாவின் உம்மாவும் முன்வரிசையில் கதிரை பிடித்து உட்கார்ந்துகொண்டார்கள். பெரிய பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டையும் சப்பாத்துமாக நின்றார்கள். 

எங்கள் முறை வந்தது. அக்கா பெட்டியை மேசையில் வைத்து, கயிற்றை அவிழ்த்து, மூடியைத் திறந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபுரத்தின் நாலு காலிலும் சந்தனம் அப்பியிருந்தது. ஒவ்வொரு சந்தனத்தின் மேலும் குங்குமம். இடுப்பில் மஞ்சள் கயிறு ஒரு சுற்று.

யார் வேலை என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பொட்டு உண்டு. கேஸ் அடுப்புக்கு, அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு, தையல் மிசினுக்கு எல்லாம் உண்டு. விடிகாலையில் நாங்கள் எழும்புவதற்கு முன்னால் அம்மா பெட்டியை இறக்கி, கோபுரத்துக்கும் வைத்து, பழையபடியே கட்டி வைத்திருக்கிறாள். முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா முகம் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள் என்று காத்திருந்த முகம் அது.

நடுவர் ஒரு சிங்கள மிஸ். கூடவே தமிழில் சொல்லுவதற்கு ஒரு இளம் வாத்தியார், சேர், இருந்தார். மிஸ் கோபுரத்தைத் தூக்கித் தராசில் வைத்தார். எடை கூட. கொஞ்சம்தான், ஆனால் கூட. இரண்டு பேரும் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். பிறகு சேர் அக்காவிடம் தன்மையாகத்தான் கேட்டார். இதை நீங்கள் வைத்திருந்தால் இப்போதே சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி நிறுக்கலாம், நேரம் இருக்கிறது. பெரியவர்கள் யாராவது வைத்திருந்தால் சட்டப்படி ஒன்றும் செய்ய முடியாது. யார் வைத்தது?

அக்கா பொய் சொல்லமாட்டாள். கிளாஸில் மார்க்கை அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று தானே போய்க் குறைத்துக்கொண்டு வருகிற ரகம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"நாங்கதான் வச்சோம் சேர்" என்றாள் அக்கா.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. அதைவிட, பக்கத்தில் தலையில் முக்காட்டோடு நின்ற ரிஸ்னா கொஞ்சமும் அசராமல், ஓம் சேர், நாங்க எல்லாருமா சேர்ந்துதான் வெச்சது என்று குங்குமத்துக்குச் சாட்சி சொன்னாள். அந்தச் சேருக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். அடக்கிக்கொண்டு பிளேடை எடுத்து நீட்டினார். அக்கா குனிந்து சுரண்ட ஆரம்பித்தாள். 

முன்வரிசையிலிருந்து அம்மாவுக்கு இது வேறு மாதிரித் தெரிந்திருக்க வேண்டும். பெரிய ஆட்கள் இரண்டு பேர் பிள்ளையை நிறுத்திவைத்து விசாரிக்கிறார்கள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, அம்மா வைத்த குங்குமத்தைச் சுரண்டுகிறாள். சேலைச் சரசரப்புக் கேட்டு நான் திரும்புவதற்குள் அம்மா மேசைக்கே வந்துவிட்டாள்.

"புள்ளைங்க மேல தப்பு இல்லீங்க சேர். அவங்களுக்குத் தெரியவே தெரியாது. நான்தான் வச்சேன்."

  அக்காவின் கையில் பிளேடு அப்படியே நின்றது.  சேர் நிலத்தைப் பார்த்தபடி அதை மிஸ்ஸிடம் சிங்களத்தில் சொன்னார். மிஸ் எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கோடு போட்டு வெட்டினார்.

அம்மாவுக்கு அப்போதும் விளங்கவில்லை. தான் ஒப்புக்கொண்டதால் பிள்ளைகள் தப்பித்துவிட்டார்கள் என்ற நிம்மதியோடுதான் கதிரைக்குத் திரும்பினாள். ரிஸ்னாவின் உம்மாதான் காதோடு காதாக விளக்கியிருக்கிறார். அம்மா எங்கள் பக்கம் வந்து, சத்தமே வராத குரலில், "அப்ப நான் சும்மா இருந்திருந்தா...?" என்று கேட்டாள்.  எங்களைக் கூட்டி வந்த டீச்சர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லாக் குழுக்களும் முடிந்த பிறகு அந்த மிஸ் எங்களைக் கூப்பிட்டார். போட்டிக்கு இல்லை, சும்மா ஏற்றிப் பார்ப்போம் என்றார். அக்கா மஞ்சள் கயிற்றை அவிழ்த்து, மீதிச் சந்தனத்தையும் சுரண்டிவிட்டு வைத்தாள். எடை சரியாக வந்தது. தட்டுகளை ஏற்றினார்கள். முதல் பரிசு வாங்கப்போகிற கோபுரம் சரிந்த இடத்தையும் தாண்டி ஏற்றினார்கள். கடைசியில் ஏற்றுவதற்குத் தட்டே இல்லாமல் போய்விட்டது. எங்கள் கோபுரம் முனகக்கூட இல்லை. பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழும்பி நின்று கை தட்டினார்கள். ரிஸ்னா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அக்கா மட்டும் தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிவைத்து, கோபுரத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து, கயிற்றைக் கட்டினாள்.

பரிசு இல்லாவிட்டால் என்ன, நடந்ததை அப்படியே அப்பாவிடம் சொன்னால் போதும் என்று பஸ்ஸில் நான் நினைத்துக்கொண்டே வந்தேன். கோபுரம் கையில் முழுசாக இருக்கிறது. எல்லாரையும்விடத் தாங்கியது, அம்மா பொட்டு வைத்ததால்தான் பரிசு போனது என்று சொன்னால் அப்பா எப்படி மறுப்பார்? அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பஸ்ஸைவிட்டு இறங்கி எங்கள் வீட்டுப் படிக்கட்டில் ஏறும்போது அம்மா முன்னால் போனாள். நீங்க போங்கம்மா, பின்னால வர்றோம் என்று அக்கா நின்றுவிட்டாள். பெட்டியைத் திறந்தாள். கோபுரத்தை எடுத்துப் படியில் நிறுத்தினாள். அப்புறம் செருப்புக் காலால் அதை ஓங்கி மிதித்தாள்.

நான் அலறிவிட்டேன். அன்றைக்குக் கண்டதெல்லாம் அதிர்ச்சியே இல்லை என்று ஆகிவிட்டது. மேலே போய்க்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றவள், ஒன்றும் கேட்காமல் படியேறிப் போய்விட்டாள். அக்கா உடைந்த குச்சிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டாள்.

"அப்பாகிட்ட, தட்டு வைக்கிறப்பவே ஒடஞ்சிருச்சுன்னு சொல்லு. வேற ஏதாவது சொன்ன, கொன்னுருவேன்."

அப்பா கடையால் வந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தார். நான் அப்பவே சொன்னேன்ல என்றார். கோபமாக இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். குசினி வாசலில் நின்ற அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் அக்கா முந்திக்கொண்டு, பசை சரியாக் காயலப்பா, என் தப்புத்தான் என்று முடித்துவிட்டாள். ஹொஸ்டல் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழும்பவில்லை. பரீட்சை முடிந்து அக்கா எங்கள் பள்ளிக்கூடத்திலேயே கலைப் பிரிவில் சேர்ந்தாள்.

அம்மாமேல் இருந்த ஆத்திரத்தில்தான் அவள் கோபுரத்தை மிதித்தாள் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். என்ன நெஞ்சழுத்தம், எத்தனை நாள் உழைப்பு என்று அவளோடு பேசாமலே இருந்தேன். அதனால் அந்தச் சனிக்கிழமை ராத்திரி நடந்தது எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா சோற்றைப் பிசைந்து, அவ்வளவு பெரிய பிள்ளையாகிவிட்ட அக்காவைப் பக்கத்தில் இருத்தி, உருண்டை உருண்டையாக ஊட்டினாள்.  மிதித்து உடைத்தவளுக்கு ஊட்டுகிறார்கள், விரல் நோக நோக ஒட்டியவளை ஏன் என்று கேட்க ஆள் இல்லை. இது என்ன நியாயம் என்று பொருமிக்கொண்டு, என் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னறைக்குப் போய்விட்டேன்.