வெள்ளிக்கிழமை டாக்டரம்மா

எங்கள் தெருவில் ரொட்டிக் கடை ஒன்றுதான். பல் டாக்டர்கள் பதினோரு பேர். ஆஸ்திரிய எல்லை சைக்கிள் மிதிக்கிற தூரம். அங்கே ஒரு பல் கட்டுகிற செலவில் இங்கே இரண்டு பல் கட்டி, ஓட்டலில் தங்கி, முடியும் வெட்டிக்கொண்டு திரும்பலாம். அதனால் பெயர்ப்பலகை எல்லாம் அங்கிருந்து வருகிறவர்கள் பேசும் ஜெர்மன் மொழியில் இருக்கும். உள்ளூர்க்காரன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போய் நின்றால், இரண்டு மாதம் கழித்து வா என்பார்கள்.

எமோகே டாக்டரம்மா அப்படிச் சொன்னதில்லை. திங்கள் முதல் வியாழன் வரை ஆஸ்திரியர்களுக்கு, வெள்ளிக்கிழமை ஊர்க்காரர்களுக்கு. வாடகையும் என் சம்பளமும் அந்த நான்கு நாளில் வரும். வெள்ளிக்கிழமை முக்கால்வாசி வால்நட் கேக்கும் வெள்ளரி ஊறுகாயும்தான் வரும்.

நான் எதெல்கா. பத்தொன்பது வருடமாக அந்த வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, யாருக்கு எந்த நேரம் என்று எழுதுகிறவள். மகனின் நீச்சல் போட்டிக்குப் போக வேண்டும், கருவி கழுவுகிற இயந்திரம் மக்கர் செய்கிறது, வரி அலுவலகத்தில் கூப்பிடுகிறார்கள் என்று டாக்டரம்மா என்னிடம் வந்து நிற்பார். நானும் அங்கே கிள்ளி இங்கே கிள்ளி அரை மணி நேரம் எடுத்துக் கொடுப்பேன். அதற்குள் எவராவது வீங்கிய முகத்தோடு வாசலில் நிற்பார். அம்மா அந்த அரை மணியை அவருக்குத் தானம் செய்துவிடுவார். மகன் பதக்கம் வாங்கியதை இவர் செல்போனில்தான் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் என்ன செய்ய, அவரிடம் கோபத்தை அரை நாளுக்கு மேல் வைத்திருக்க முடிந்ததில்லை.

எதிர் வரிசையில் லோராந்த் டாக்டர். நாற்காலிகள் ஆறு, உதவியாளர்கள் எட்டுப் பேர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அம்மாவிடம், சேர்ந்து நடத்தலாம், வெள்ளிக்கிழமையை மட்டும் விட்டுவிடு என்றார். குடித்துக்கொண்டிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தவர் அம்மா. அன்றிலிருந்து தெருவில் பார்த்தால் தலையசைப்பு மட்டும்தான்.

போன இலையுதிர் காலத்தில் அம்மாவுக்கே கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. கிராம்பை அடக்கிக்கொண்டு வேலை பார்த்தார்.

"போய்க் காட்டுங்கம்மா" என்றேன்.

"எப்பப் போறது? நாலு நாளும் ஆஸ்திரியாக்காரங்க ஆறு மாசம் முன்னாடியே பதிஞ்சது. சனி, ஞாயிறு தெருவே பூட்டிக் கெடக்குது."

"வெள்ளிக்கிழமை ஒண்ணை அடைச்சிட்டுப் போங்க."

"ஒரு வெள்ளிக்கிழமை அடைச்சேன்னா அடுத்தது தானா அடைபடும், எதெல்கா. எனக்கு என்னைத் தெரியும்."

ஊரெல்லாம் உறவு, ஒரு வாய்ச் சோறு இல்லை என்பார்களே, அந்தக் கதைதான். தெரு முழுக்கப் பல் டாக்டர்கள். இவர் வாயைத் திறந்து காட்ட ஓர் ஆள் இல்லை.

மூன்று மாதம் இப்படியே இழுத்தது. ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை கன்னம் பன் மாதிரி உப்பி, ஒரு கண் பாதி மூடி வந்து சேர்ந்தார். உள்ளே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். கையுறையை மாட்டிக்கொண்டு முதல் ஆளைக் கூப்பிடச் சொன்னார். டிராக்டர் ஓட்டும் தெஜோ மாமா போய் நாற்காலியில் சாய்ந்தார். அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"திறங்க மாமா."

அவர் பல்லிடுக்கிலேயே பேசினார். "மொதல்ல நீ போய்க் காட்டிட்டு வா தாயி. அப்புறந்தான் நான் திறப்பேன்."

"உங்களுக்கு வலிக்குதுல்ல?"

"வலிக்குது. இருந்தாலும் திறக்க மாட்டேன்."

அடுத்த ஆளைக் கூப்பிட்டார். தபால்காரி வில்மா வந்து உட்கார்ந்து அவளும் உதட்டை மடித்துக்கொண்டாள். மூன்றாவது ஆள் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு வேலைநிறுத்தத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு உள்ளூர ஒரே குஷி.

"நீதானே தூண்டி விட்டே?" என்றார் அம்மா.

"சத்தியமா இல்லம்மா. எனக்கு இந்த யோசனை வரலையேன்னு வருத்தமா இருக்கு."

பதினோரு பேரில் அவ்வளவு காலையில் எங்களைத் தவிரக் கதவு திறந்திருந்தது எதிரில் லோராந்த் டாக்டருடையது மட்டும்தான். கையைப் பிடித்துத் தெருவைக் கடக்க வைத்தேன். "யாரும் போயிடாதீங்க, வந்து பாக்கறேன்" என்று வாசலில் நின்று ஒன்பது பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தார். பிடிவாதத்தில் இவரை மிஞ்ச ஆள் இல்லை.

லோராந்த் டாக்டர் எங்களைக் கண்டதும் எழுந்தார். நாற்காலியில் இருந்த ஆஸ்திரியரைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு இவரை உட்கார வைத்தார், எக்ஸ்ரே எடுத்தார், வெகுநேரம் அதையே பார்த்தார்.

"மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருப்பேன் எமோகே. இப்ப எடுத்துத்தான் ஆகணும்."

அம்மா கண்ணை மூடித் தலையசைத்தார். லோராந்த் ஊசி போட்டார்; சீழை வெளியேற்றினார்; பல்லை எடுத்தார். பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அங்க எத்தனை பேர் உக்காந்திருக்காங்க?"

"ஒன்பது பேர் டாக்டர்."

"இங்க வரச் சொல்லுங்க. என்கிட்ட இருக்கற ரெண்டு டாக்டர் பசங்களும் நானும் பாத்துடறோம். இனிமே மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை எங்களுது. அன்னிக்கு இவங்க கடையை அடைச்சிட்டு வீட்டுல இருக்கட்டும்."

அம்மா படக்கென்று கண்ணைத் திறந்தார். நாக்கும் தாடையும் மரத்து, வாய் நிறையப் பஞ்சு, மேலே அவருடைய விரல். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் மட்டும் வந்தது.

"நீ என்ன சொல்லுவேன்னு தெரியும். அதனாலதான் இப்ப சொல்றேன்" என்றார் லோராந்த். பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஒன்பது வருசமா நாள் பூரா ஜெர்மன்ல பேசிப் பேசி அலுத்துப் போச்சு. நம்ம பாஷையில என்னைத் திட்டற ஒரு நோயாளி வேணும் எமோகே."

அம்மாவின் காதோரம் கண்ணீர் வழிந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டார் லோராந்த்.

அவரே ஊசி போட்டு மரக்க வைத்த தாடை. வலிக்க வழியே இல்லை. அம்மா அவர் கையைத் தட்டிவிடவில்லை. நான் தெருவைக் கடந்து போய் ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.