வேலையே இல்லாத காலின் மேல் பழி

போன ஐப்பசி மழையில், கோவை உக்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சின்ன வயதிலேயே எனக்கு இடது கால் சூம்பிவிட்டது. சோமனூரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு தறிக்கூடம். நூல் எடுக்கவோ துணி கொடுக்கவோ கோவைக்குப் போக வேண்டுமென்றால், கொழுந்தனாரின் கார் எப்போது சும்மா நிற்கும் என்று காத்துக் கிடப்பேன். பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கிய பிறகுதான் அது ஒழிந்தது. அதில் கிளட்ச் கிடையாது, வலது கால் ஒன்றே போதும். என் வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நன்றாகத் தூங்குவார்.

அந்த வண்டிக்குத்தான் கேடு வந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் ரோஸ்மில்க் மாதிரி இருந்தது. கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிரவைக்க ரேடியேட்டருக்குள்ளேயே ஒரு கூலர் இருக்கிறதாம். அது ஓட்டையானால் ஆயிலும் தண்ணீரும் கலந்துவிடும். அப்படியே ஓட்டினால் கியர்பாக்ஸே போய்விடும். ஒர்க்‌ஷாப்காரர் போர் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள், உப்பு அரித்துவிட்டது என்றார். கடையில் வாங்கிய கூலன்ட்டைத் தவிர நான் எதையும் ஊற்றியதில்லை. சொன்னேன், காதிலேயே வாங்கவில்லை. புது ரேடியேட்டர் மாட்டிக் கொடுத்தார்.

சில மாதத்தில் மறுபடியும் அதே ரோஸ்மில்க். இந்த முறை அவர் என் பக்கமே திரும்பவில்லை. நேராக என் வீட்டுக்காரரிடம் போனார்.

"ஏனுங்கண்ணா, அக்காவுக்குக் கால் வேற இப்படி. பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒண்ணா மிதிச்சுப்போடறாங்க. அதான் ஆயில் கொதிச்சுக் கூலர் பிச்சுக்குது. பேசாம வித்துப்போட்டு, வேணும்னா ஒரு டிரைவர் வெச்சுக்கோங்க."

வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு மனுஷியை இப்படி அவமானப்படுத்த முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டையும் சேர்த்து மிதிக்க எனக்கு இரண்டாவது கால் எங்கே இருக்கிறது? அந்த வண்டியில் இடது காலுக்கு வேலையே கிடையாது. வேலையே செய்யாத காலின் மேல் பழி. இவரோ தலையை ஆட்டிக்கொண்டு, "செரிங்க, நல்ல பார்ட்டியாப் பாத்துச் சொல்லுங்க" என்கிறார். வண்டி போனால் நான் மறுபடியும் கொழுந்தனார் வாசலில் நிற்க வேண்டும்.

முதலில் கழற்றிய ரேடியேட்டர் மூலையில் கிடந்தது. அதை அறுத்துக் காட்டச் சொன்னேன். எதற்குங்க, என்னத்துக்குங்க என்று இழுத்தார். காட்டாமல் நகரமாட்டேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வேறு வழியில்லாமல் அறுத்தார். கூலர் எங்கேயும் வெடித்திருக்கவில்லை. ஊசியால் குத்தினது போல் பொடிப்பொடியாக ஓட்டை. சூட்டில் பிய்ந்தது அப்படி இருக்காது, எதுவோ அரித்திருக்கிறது.

தறிக்கூடத்தில் எது கெட்டாலும் நாங்கள் முதலில் பார்ப்பது எர்த்தைத்தான். எர்த் சரியில்லாவிட்டால் கரண்ட் கிடைத்த வழியில் போகும், தறியைத் தொட்டவரைத் தூக்கி அடிக்கும். மோட்டார் பார்க்கிற மீட்டர் எப்போதும் என் பையில் கிடக்கும். ஒரு ஒயரை பேட்டரி நெகட்டிவில் வைத்து, இன்னொன்றை வண்டியின் ரேடியேட்டர் தண்ணீரில் விட்டேன். மீட்டர் சும்மா இருந்தது. வீட்டுக்காரரை ஒவ்வொரு சுவிட்சாகப் போடச் சொன்னேன். ஃபாக் லைட்டைப் போட்டதும் எண் எகிறியது.

குனிந்து பார்த்தேன். ஃபாக் லைட்டின் எர்த் ஒயரை ரேடியேட்டர் தாங்கியில் முடுக்கியிருந்தது. திருகு முழுக்கத் துரு. நல்ல வழி கிடைக்காத கரண்ட், தண்ணீர் வழியாகவும் கூலர் வழியாகவும் கியர்பாக்ஸுக்குப் போய், போகிற வழியில் கூலரை அரித்திருக்கிறது. வண்டி வாங்கின புதிதில் அந்த லைட்டை மாட்டிக் கொடுத்தவர் சாட்சாத் இந்த ஒர்க்‌ஷாப்காரரேதான். அந்த ஒயரைக் கழற்றி பாடியில் சுத்தமான இடத்தில் வைத்தேன். எண் இறங்கிவிட்டது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் என் வீட்டுக்காரரிடம், "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா, கவனிக்காம உட்டுப்போட்டனுங்க" என்றார்.

"அட, அதுக்கென்னங்க, உடுங்க" என்கிறார் இவர்.

"அவரு காலயா குத்தம் சொன்னீங்க? எங்கிட்டச் சொல்லுங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு மறுபடியும் இவரிடமே, "அக்கா கோவக்காரங்களாட்ட இருக்குதுங்கண்ணா" என்றார்.

வேறு ரேடியேட்டர் மாட்டி, ஆயிலை மாற்றி வண்டியை எடுத்து வந்தோம். அன்றைக்கு இவர் தூங்கவில்லை. சூலூர் தாண்டும்போது, நீ கேட்டது சரிதான் என்று மெதுவாகச் சொன்னார். விற்கிற பேச்சு அதோடு நின்றது. வண்டி இப்போது ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

எனக்கு வர வேண்டிய மன்னிப்பு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. கோபத்தைக் குறைத்துக்கொள் என்று யாராவது புத்தி சொல்லும்போதெல்லாம், என் வண்டியை என்னிடமே நிறுத்திவைத்தது அந்தக் கோபம்தானே என்று நினைத்துக்கொண்டு சாவியை எடுத்துக்கொள்கிறேன்.