துண்டுக்குள்ளே எட்டு

மற்றவர்கள் "நல்லா இருக்கீங்களா?" என்று ஆரம்பிக்கும் இடத்தில் "வெளிக்குப் போனீங்களா?" என்று ஆரம்பிக்கிற தொழில் எங்களுடையது. புற்றுநோய் முற்றியவர்களின் வீடு தேடிப் போய் வலிக்கு மருந்து கொடுக்கும் நர்ஸ் நான், ஜாகை திருப்பதி. இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களும், வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களும் நான் பாதி சொல்வதற்குள் தலையாட்டிவிடுவீர்கள்.

காற்று வந்த சேதி

முனிரத்தினம் நகரிப் பக்கத்து மாட்டுத் தரகர். பெருங்குடலில் புற்று. ஆபரேஷன் செய்து, வயிற்றில் ஒட்டிய பையில் மலம் இறங்கும்படி வைத்திருந்தார்கள். அதற்குள் நோய் ஈரலுக்கும் போய்விட்டதால், மிச்ச நாளை வலியில்லாமல் ஓட்டித்தருவது எங்கள் பொறுப்பு. வலி மாத்திரை குடலைக் கட்டிப்போடும். அதற்காகக் கொடுத்த சிரப்பை இவர் "திகட்டுது" என்று தள்ளிவிட, இரண்டு நாளாகப் பை காலி.

சிரப்பை மறுபடி ஊற்றச் சொல்லிவிட்டு வந்து, மறுநாள் நான் புத்தூர் பஸ்ஸில் ஏறி நின்றபோது அவர் மனைவி வேணியம்மா போன் செய்தார். சிக்னல் சரியில்லை. கத்தினேன். "காத்து வந்துச்சாம்மா? பை உப்பிக்கினு இருக்கா? கெட்டியா, தண்ணியா?" பஸ்ஸில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "வந்துடுச்சா!" என்று நான் துள்ளியதில் முன் சீட்டு அம்மாள் கோவிந்தா போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாருக்கு என்ன வந்தது என்று அவருக்குத் தெரியாது. ஆந்திரா பஸ்ஸில் ஆதார் காட்டினால் பெண்களுக்கு டிக்கெட் இலவசம்; கண்டக்டர் அதிலேயே குறியாக இருந்தார்.

"சந்தோஷம் மேடம். பை நெறஞ்சிடுச்சில்ல? இப்பவாச்சும் ஆதார் காட்டுங்க, ஜீரோ டிக்கெட் அடிக்கணும்."

முதலில் யார் விலை சொல்வது?

வலிக்கு எங்களிடம் தராசு கிடையாது. பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. நோயாளி சொல்கிற எண்ணை வைத்துத்தான் எங்கள் டாக்டரம்மா மருந்தைக் கூட்டுவார். முனிரத்தினம் எப்போது கேட்டாலும் "ரெண்டு". நெற்றியில் வியர்வை ஓடும், கட்டில் சட்டத்தைப் பிடித்த பிடியை விடமாட்டார், ஆனால் ரெண்டு. பக்கத்திலேயே வேணியம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டு வாரத்தில் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலில் பேத்திக்குக் காதுகுத்து. மடியில் நான்தான் வைத்துக்கொள்வேன் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். இந்த வலியோடு வாசல்படி தாண்ட மாட்டார் என்பது எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. நோட்டில் என்னவோ ரெண்டுதான் இருந்தது.

"நைனா, உண்மையச் சொன்னாத்தான் மருந்து" என்று கெஞ்சினேன். எனக்கு எரிச்சல் மண்டையைப் பிளந்தது. அவரோ என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தத் தரகன்மா மொதல்ல வாயத் தொறந்து வெல சொல்லுவான்? நீ ஒண்ணு சொல்லு, அதுல நான் ரெண்டு கொறச்சிக்கிறேன்."

பேரம்

மறுமுறை போனபோது நான் கேட்கவேயில்லை. அவராகத் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் சித்தப்பா சந்தையில் காளை விற்கும்போது பார்த்திருக்கிறேன். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாமல், துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து.

"ரெண்டுதான்மா, ரெண்டே ரெண்டு" என்று வேணியம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னார். துண்டுக்குள்ளே என் ஐந்து விரலையும் இறுக்கினார். விட்டார். மறுபடி மூன்று விரல். எட்டு! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து எனக்கு விக்கல் எடுத்துவிட்டது. வேணியம்மா தண்ணீர் கொண்டுவர உள்ளே போன கேப்பில் குனிந்து என் காதில் சொன்னார்.

"அவளுக்குத் தெரிஞ்சா என்ன ஊட்டுல போட்டுட்டு, காதுகுத்தையே தள்ளி வெச்சிடுவா. நீ எட்ட டாக்டரம்மாகிட்ட மட்டும் சொல்லு."

துணி போர்த்திய குற்றம்

டாக்டரம்மா அன்றைக்கே மார்பின் அளவைக் கூட்டினார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வந்தாலும் வராவிட்டாலும். மூன்றாம் நாள் முனிரத்தினம் இரண்டு இட்லி தின்றுவிட்டு, மூன்றாவது ஏன் வைக்கவில்லை என்று சண்டை போட்டார். துண்டுக்குள் நாலு. அடுத்த முறை மூன்று. தலைகால் புரியாத சந்தோஷத்தில் எனக்குக் கை பழகிப்போயிற்று.

சித்தூரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், அவருக்கும் இதே குடல் புற்றுதான். கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் யோசிக்காமல் பக்கத்தில் கிடந்த வேட்டியை எடுத்து அவர் கைமேல் பரப்பினேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஆகண்டி சிஸ்டர், கொஞ்சம் பொறுங்க, நான் இன்னும் உயிரோடத்தான் இருக்கேன். அதுக்குள்ள துணி போத்தாதீங்க."

காணிப்பாக்கம்

காதுகுத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முனிரத்தினம் பட்டுச் சட்டைக்குள் புதுப் பை ஒட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். நோய் எங்கேயும் போகவில்லை, போகவும் போகாது. வலி மட்டும் வழிவிட்டிருந்தது. பேத்தி மடியில் கிடந்து போட்ட கூச்சலில் நாதஸ்வரம் தோற்றது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை.

குத்தி முடித்துக் குழந்தையை மகள் வாங்கிக்கொண்டதும், வேணியம்மா அவர் தோள் துண்டை உருவித் தன் கைமேல் போட்டு, அதற்குள் அவர் கையை இழுத்துக்கொண்டார். மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது. "இன்னாடி பண்ற?" என்று என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன். துண்டு கொஞ்சம் அசைந்தது. "ரெண்டு" என்றார் வேணியம்மா, அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "இது நெஜமான ரெண்டு."

"உனக்கு எப்படிடீ இது தெரியும்?" என்று அவர் குழறினார். வேணியம்மா கையை விடவில்லை.

"உன்னோட எத்தினி சந்தைக்கு வந்துக்கீறேன், இது தெரியாதா? அன்னிக்கு அஞ்சும் மூணும் புடிச்சியே, துண்டு ஆடுனதுலயே தெரிஞ்சிக்கினேன். நான் அழுவக்கூடாதுன்னு நீ ரெண்டு சொன்ன, நீ மறைக்கிறது தெரிஞ்சா மனசு உட்டுடுவன்னு நான் நம்புன மாரி நின்னேன். எட்டா இருந்தாலும் உன்ன இடுப்புல தூக்கி வெச்சிக்கினாவது இங்க வந்திருப்பேன்யா."

பத்து வரை எண்ணத் தெரிந்தால் இந்த வேலைக்குப் போதும் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர்கள் இரண்டு பேர் நடுவில் அந்த எண்ணைக் கேட்க வேண்டியிருக்கும் என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.