தாழியில் ஊற்றிய கிணற்று நீர்

அந்தச் செடிகளைக் கொன்றவள் நான். செல்லம்மாள் அல்ல... நான்!

இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

செல்லம்மாள் என் தம்பியின் மனைவி. தம்பி ரங்கூனில் ஒரு துரையின் ஆர்க்கிட் தோட்டத்தில் வேலை பார்த்தான். யுத்தம் நெருங்குகிறது என்றதும் அவளை மட்டும் கப்பலேற்றி எங்கள் ஊரான அன்னவாசலுக்கு அனுப்பிவைத்தான். கணவனை இழந்து, இந்த வீட்டில் ஒற்றையாய் இருந்த என்னிடம் அவள் வந்து சேர்ந்தாள். ஈரச் சாக்கில் சுற்றிய ஐந்து ஆர்க்கிட் செடிகள், ஒரு தகர டப்பாவில் உர உப்பு, ஒரு சிறு கட்டு லிட்மஸ் தாள்... வேறொன்றும் கொண்டுவரவில்லை.

"அவுக வர்ற வரைக்கும் இதுக உசுரோட இருக்கணும் அண்ணி" என்றாள்.

மண்ணே வேண்டாத செடிகள்! வேப்பமர நிழலில், கரித்துண்டு நிரப்பிய மரக்கூடைகளில் தொங்கின. வேர்கள் வெறுங்காற்றில் அலைந்தன. மாசியில் பூத்தபோது, காற்றே ஊதா நிறமாய் உறைந்ததுபோல் இருந்தது. சமையற்கட்டிலிருந்து வெளியே வந்தால் யாருடைய கனவுக்குள்ளோ கால் வைத்துவிட்டவள்போல நின்றுவிடுவேன். செல்லம்மாள் அவற்றின் கீழே நின்று, மெல்லிய குரலில் என் தம்பியோடு பேசிக்கொண்டிருப்பாள்.

உர டப்பாவை ஈரம் அண்டாமல் துணி சுற்றி அலமாரியில் வைத்திருந்தாள். வாரம் ஒருமுறை, ஒரு குடம் நீருக்கு ஒரே சிட்டிகை. தண்ணீரில்தான் அவளுக்கு அத்தனை கவனம். எங்கள் கிணற்று நீரில் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தால் நீலமாகிவிடும்.

"இது காரத் தண்ணி அண்ணி. எலுமிச்சஞ்சாற சொட்டுச் சொட்டா விட்டுச் சரிக்கட்டணும். இல்லேன்னா வேரு ஒரத்த எடுக்காது, உப்புப் பூத்துப்போகும்."

மழைநீருக்கு அந்தக் கவலை இல்லை. ஓட்டுக்கூரையிலிருந்து வழிந்ததைப் பெரிய தாழியில் பிடித்து மூடிவைத்தாள். லிட்மஸ் தாள் தீர்ந்தால் இனி ரங்கூனிலிருந்து வராது. ஆகையால் தாழி நீரை அவள் சோதிப்பதில்லை. நம்பினாள்.

அந்த வருஷமே தம்பியின் கடிதங்கள் நின்றன.

எங்கள் கிணற்று நீரில் துவரம்பருப்பு வேகவே வேகாது. ஒருநாள் தாழியிலிருந்து ஒரு செம்பு எடுத்தேன். பருப்பு வெண்ணெயாய்க் குழைந்தது! மறுநாளும் எடுத்தேன்... அதற்கு மறுநாளும். குறைவது தெரியாதிருக்கக் கிணற்று நீரை ஊற்றி நிரப்பினேன்.

பருப்புக்காக மட்டுமா? இல்லை. அவளுக்குப் பேசச் செடிகள் இருந்தன. எனக்கு? அதுவும்தான் என் கையை இழுத்துச் சென்றது.

கோடையில் இலை நுனிகள் கருத்தன. வேர்களின்மேல் வெள்ளையாய் ஏதோ படிந்தது. செல்லம்மாள் கலங்கிப்போனாள்.

"தண்ணி மழத்தண்ணிதேன்... ஒரந்தான் பத்தலையோ அண்ணி?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்! காரணம் எனக்குத் தெரியும். ஆனால் என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"ஆமா புள்ள, இன்னும் ரெண்டு சிட்டிக கூடப் போடு."

போட்டாள். வாராவாரம் போட்டாள். வேர்கள் பழுப்பாகி நார்நாராய் உரிந்தன. ஐந்தாவது செடியும் பட்டுப்போன காலையில் மரத்தடியில் அமர்ந்துவிட்டாள்.

"அவுகளுக்கு என்னமோ ஆயிப்போச்சு அண்ணி..."

அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

யுத்தம் முடிந்தபின் தம்பி திரும்பி வந்தான், எலும்பும் தோலுமாய். முற்றத்தில் நின்று வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தான்.

"செடியெல்லாம் எங்க?"

"நாந்தேன் சாகவிட்டுட்டேன். ஒரத்தக் கூடுதலாப் போட்டுட்டேன்" என்றாள் அவள்.

அவன் என்னைப் பார்த்தான். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆயினும் சொன்னேன்:

"நான் அப்பவே சொன்னேன் தம்பி, அளவாப் போடுன்னு. கேக்கல."

செல்லம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். எங்கள் கண்கள் ஒருகணம் சந்தித்தன. பிறகு... தன் நினைவையே சந்தேகிப்பவள்போல மெல்லத் தலைகுனிந்துகொண்டாள். அந்தக் குனிவை நான் என்ன செய்வேன்!

தம்பி திட்டவில்லை. "போகட்டும்" என்றான். அவ்வளவுதான். அவளோ அதன்பின் ஒரு செடியையும் தொட்டதில்லை. பக்கத்து வீட்டார் கனகாம்பர நாற்றுக் கொடுத்தபோதும், "என் கைக்கு வேண்டாங்க" என்று விலகிவிட்டாள்.

சென்ற ஐப்பசியில் அவளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. முதல் நாள் குளிப்பாட்ட வெந்நீர் விளாவி வைத்தாள். குழந்தையைத் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே குளிப்பாட்டுங்க அண்ணி. பதம் எனக்குத் தெரியாது. என் கையி எதையும் காப்பாத்தாது."

அன்றுமுதல் தினமும் கால்களை நீட்டி, அந்தப் பிஞ்சை அவற்றின்மேல் கிடத்தி, நான்தான் நீர் ஊற்றுகிறேன். பெற்றவள் கதவோரம் நின்று பார்க்கிறாள். கண்ணில் அத்தனை நன்றி!

இன்று காலையும் சொன்னாள்: "நீங்க இல்லேன்னா எம்புள்ள என்னாகும் அண்ணி..."

குழந்தையைத் துவட்டி அவள் கையில் கொடுத்தேன். நாளைய குளியலுக்கு நீர் இறைக்கக் கிணற்றடிக்குப் போனேன்.