டைல்ஸ் கடைத் தளமும் அப்பாவின் கட்டும்

நாலைந்து கடைக்காரர்களின் இணையதளங்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்குப் பிழைப்பு. எது படுத்தாலும் அவளைக் கூப்பிடுவார்கள். ‘கம்ப்யூட்டர் டாக்டர்’ என்று பட்டம் வேறு. நிஜ டாக்டருக்காவது ஞாயிற்றுக்கிழமை உண்டு.

அன்று ஆஸ்பத்திரியில் அவள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் கட்டு பிரிக்கும் நாள். ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணிலும் புரை முற்றி, சில வருடங்களாக அவருக்கு மனிதர்கள் என்றால் வெறும் குரல்கள்தான். “கட்டு பிரிக்கும்போது நீதாம்மா எதிர்ல நிக்கணும்.” அவர் கேட்டது அது ஒன்றுதான்.

நர்ஸ் உள்ளே வருவதற்கும் போன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. டைல்ஸ் கடைக்காரர்.

“தளம் வெள்ளையா நிக்குதும்மா. மெமரி தீந்துபோச்சுன்னு ஏதோ எழுதியிருக்கு. கடைல ஆளுங்க உக்காந்திருக்காங்க, ஒரு டிசைன் காட்ட முடியல.”

“இதோ வந்துடறேம்ப்பா” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, வராந்தா நாற்காலியில் மடிக்கணினியைத் திறந்தாள். பழகிய கோளாறுதான். தளத்தின் அமைப்புக் கோப்பில் மெமரி அளவு என்று ஒரு எண் இருக்கும். அதைக் கூட்டினால் தளம் எழுந்து உட்கார்ந்துவிடும். போன தடவையும் அதைத்தான் செய்தாள், அதற்கு முந்தின தடவையும். நோயை விட்டுவிட்டு வலிக்கு மாத்திரை கொடுக்கிறோம் என்று தெரியாமல் இல்லை. உட்கார்ந்து பார்க்க எங்கே நேரம்?

இன்றும் கூட்டினாள். தளம் அசையவில்லை. தளத்துக்கு இடம் கொடுக்கும் கம்பெனியின் உச்சவரம்பு வந்துவிட்டது. இனி எந்த எண்ணை எழுதினாலும் காதில் போட்டுக்கொள்ளாது.

உள்ளே டாக்டரின் குரல் கேட்டது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வேறு வழியின்றி, தளம் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் பிழைப் பதிவைத் திறந்து படித்தாள். கடைக்காரர் ஏற்றும் பெரிய படங்களைச் சிறிதாக்க அவளே ப்ளகின் என்கிற ஒரு குட்டி நிரலைத் தளத்தில் போட்டிருந்தாள். பிறகு, இதைவிட நல்லது என்று இன்னொன்றையும் போட்டாள். பழையதை எடுக்க மறந்துவிட்டாள். ஒன்று சிறிதாக்கிய படத்தைப் புதுப் படம் என்று நினைத்து மற்றது சிறிதாக்க, அதை மறுபடி முதலாவது எடுக்க, இரண்டும் சேர்ந்து மெமரியைத் தின்று தீர்த்திருந்தன. வேலி பயிரை மேய்ந்திருக்கிறது, வேலி போட்டவள் வேலிக்கே தீனி போட்டிருக்கிறாள். பழையதை நிறுத்தினாள். டைல்ஸ் எல்லாம் பளபளவென்று வந்து நின்றன.

“இவ்ளோதானா? இத முன்னாடியே பண்ணியிருக்கலாமே” என்றார் கடைக்காரர். அவள் போனை வைத்துவிட்டாள்.

உள்ளே ஓடினாள். பிரித்த கட்டும் பஞ்சும் குப்பைக்கூடையில் கிடந்தன. டாக்டரைக் காணோம். அப்பா கட்டிலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“தொறங்கன்னா தொறக்கவே மாட்டேங்கறாரு” என்றார் நர்ஸ். “பொண்ணு வரட்டும்னு ஒரே பிடிவாதம். டாக்டர் அடுத்த ஆளப் பாத்துட்டு வரேன்னு போயிட்டாரு.”

“வந்துட்டேம்ப்பா.”

மெல்லத் திறந்தார். அவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கையை நீட்டி அவள் காதோரத்தைத் தொட்டார்.

“என்னம்மா, உனக்கு எப்ப இவ்ளோ நரைச்சுது?”