யாரோ அடித்த பாஸ்வேர்டு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். கள்ளக்குறிச்சி கச்சிராயபாளையம் சாலையில், என் சொந்தக் கம்ப்யூட்டர் கடையில். ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

வெள்ளிமலை ராஜதுரை ஒரு சிபியுவைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தார். மலையில் முதியோர் பென்சன் வாங்குகிறவர்கள் ரேகை வைப்பது அவர் கடையில்தான். அதற்கான அனுமதி இந்த மதர்போர்டின் பேரில் பதிவாகியிருந்தது. போர்டு மாறினால் திரும்பப் பதிய ஒரு மாதம் ஆகும். அதுவரை வயசானதுகள் எல்லாம் மலை இறங்கி வரவேண்டும். இது தெரிந்தும் மனிதர் சும்மா இருந்தாரா? வீடியோவைப் பார்த்து, போர்டை எழுப்புகிற பயாஸ் புரோகிராமுக்கு அப்டேட் போட்டிருக்கிறார். பாதியில் கரண்ட் போய்விட்டது. போர்டு செத்துவிட்டது. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல.

"நாளைக்கி பென்சனுக்கு எல்லாம் வந்துடுவாங்கண்ணா. எப்படியாச்சும் உசுரு குடுத்துடுங்க" என்று போனில் கெஞ்சினார்.

காலையிலிருந்து மல்லுக்கட்டினேன். பயாஸ் சிப்பைக் கழற்றி, புரோகிராமர் கருவியில் வைத்து, புதிதாக எழுதி மாட்டினேன். திரை கறுப்பு. மறுபடி கழற்றி, அழித்து, எழுதி, மாட்டினேன். கறுப்பு. அன்றைக்கென்று மாதாந்திர மின்தடை வேறு. தெருவே அடங்கிக் கிடந்தது. இன்வெர்ட்டர் எந்த நிமிடம் கைவிடுமோ தெரியாது. கடைசியில் பிரிக்காமல் வைத்திருந்த புத்தம் புதுச் சிப்பில் எழுதிப் போட்டேன்.

மணி 2.10. திரை வந்தது. பாஸ்வேர்டு கேட்டது.

புதுச் சிப்பில் பாஸ்வேர்டு எங்கிருந்து வரும்? பழைய பதிவு ஏதும் இருந்தால் அழியட்டும் என்று போர்டில் இருந்த பேட்டரியையும் கழற்றிப் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் கேட்டது. தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போது கட்டத்துக்குள் ஒரு நட்சத்திரக் குறி விழுந்தது.

இன்னொன்று... இன்னொன்று...

கீபோர்டில் பட்டன் சிக்கிக்கொண்டது என்று ஒயரைப் பிடுங்கினேன். குறிகள் நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். டொக். அது பட்டன் சத்தமில்லை. மரத்தில் நகம் தட்டுகிற சத்தம்.

ஏழு விழுந்தன. தப்பு என்று காட்டியது.

மறுபடி ஏழு. வேகமாக. டொக்டொக்டொக்... தப்பு.

மூன்றாவதும் தப்பானால் பூட்டிக்கொள்ளும். இந்தத் திரை இன்னொரு முறை வருமா என்பது நிச்சயமில்லை. பயத்தை முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது.

"யோவ், அவசரப்படாம மெதுவா அடிய்யா" என்று அதட்டினேன்.

கடையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

சத்தம் நின்றது.



டொக்...

டொக்...

ஏழாவதும் விழுந்தது. பிறகு கடைசியாக ஒரு தட்டு.

திறந்துகொண்டது. மணி 2.26.

போர்டு நன்றாக ஓடியது. ஆனால் பாஸ்வேர்டை எடுக்காமல் எப்படி அனுப்புவது? ராஜதுரையைக் கேட்டேன். இதுவரை கேட்டதே இல்லையே என்றார். சின்னசேலத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஆதிமூலத்திடம் பழசாக வாங்கியது என்று போன் நம்பர் கொடுத்தார்.

அடித்தேன். ஆதிமூலத்தின் மனைவி கொளஞ்சியம்மாள் எடுத்தார். பின்னால் அழுகைச் சத்தம். பக்கவாதம் வந்து ஒரு வருடமாகக் கட்டிலில் கிடந்த மனிதர், அன்று மத்தியானம் போய்விட்டாராம்.

"அசையாத கைய்யி தம்பி. இன்னிக்கி கட்டில் சட்டத்துல டொக்கு டொக்குன்னு தட்டிக்கினே இருந்தாரு. இன்னா வேணும்னு கேட்டேன். வேகமா தட்டினாரு. அப்பால யாரோ அதட்டுன மாதிரி திடுக்குனு நின்னுட்டாரு. சரி சரின்னு தலைய ஆட்டினாரு. மெதுவா தட்டினாரு... அதோட மூச்சு நின்னுபோச்சு."

மறுநாள் வெள்ளிமலையில் எல்லோரும் பென்சன் எடுத்தார்கள். அந்தப் போர்டு அதன்பிறகு பாஸ்வேர்டு கேட்டதே இல்லை.

அதட்டியது நான்தான் என்று அந்த அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.