தடைப் பட்டியலில் இல்லாத வாக்குறுதி

ஞானாம்பிகை அம்மாள் முப்பத்தொரு வருடம் அரசாங்க மருத்துவிச்சியாக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் வீடிருந்த ஒழுங்கையில் மீசை வைத்துத் திரிகிற ஆண்களில் பாதிப் பேரை இந்த உலகத்தில் முதலில் கண்டது தான்தான் என்று சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிக்காட்டுவார். அப்படிச் சொல்லக்கூடிய ஒருவரிடம் யார்தான் வாய் கொடுப்பார்கள்? ஆகவே தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்கப்போகிறேன் என்று அவர் அறிவித்தபோது ஊர் சிரித்ததுதான், ஆனால் அவர் படலையைத் தாண்டிப் போனபிறகு சிரித்தது.

பன்னிரண்டு வருடமாகத் தலைவராக இருந்தவர் எதிர்வீட்டுப் பொன்னம்பல மாஸ்ரர். ஒவ்வொரு தேர்தலுக்கும் முத்து முத்தான கையெழுத்தில் அறிக்கை எழுதி வாசிகசாலைச் சுவரில் ஒட்டுவார். இந்த முறை பதினொரு அம்சங்கள். முதலாவது, சந்திக்குச் சந்தி மின்விளக்கு. போரினால் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று மூன்று வருடமாகியிருந்தது. இரண்டாவது, வாய்க்காலுக்கு மேல் சீமெந்து மதவு. குடாநாட்டுக்குள் வரக்கூடாது என்று அரசாங்கம் போட்ட தடைப் பட்டியலில் சீமெந்தும் இருந்தது. மூன்றாவது, அனைவருக்கும் சுகாதார வசதி. இப்படியே போய்ப் பதினோராவதாக ஊர் ஒற்றுமை. ஒற்றுமையைத் தடைப் பட்டியலில் யாரும் போடவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்கும் ஊரில் நல்ல தட்டுப்பாடு.

ஞானாம்பிகை அம்மாளிடம் ஒரே ஒரு வாக்குறுதிதான் இருந்தது. இரண்டு பக்க வேலிகளுக்கும் நடுவே போகிற அந்த ஒடுங்கிய ஒழுங்கையை அகலமாக்குவது.

காணி உறுதிகளின்படி அது பன்னிரண்டு அடி ஒழுங்கை. நடந்து பார்த்தால் சில இடங்களில் ஐந்து அடிகூட இல்லை. மீதி அடிகளை யாரும் களவெடுக்கவில்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். வருடா வருடம் கிடுகு மாற்றி வேலி அடைக்கும்போது வேலிக்குக் காலாக நிற்கிற கதியால்களில் பட்டுப்போனதைப் பிடுங்கிப் புதிதாக ஒன்று நடவேண்டும் அல்லவா? அந்தப் புதுக்கதியால் பழைய குழிக்கு இரண்டு விரல் வெளியே நிற்கும். அவ்வளவுதான். இரண்டு பக்கமும், நாற்பது வருடமாக. இதற்கு ஊரில் அரக்குதல் என்று பெயர். மற்றவர்கள் மட்டும் செய்கிற வேலை அது.

“சீமெந்தும் வேண்டாம், கம்பியும் வேண்டாம், கொழும்பைக் கேக்கவும் தேவையில்லை. வேலியைப் பழைய இடத்திலை வைச்சால் காணும்” என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார் ஞானாம்பிகை அம்மாள்.

எல்லாரும் தலையாட்டினார்கள். நல்ல யோசனை, கட்டாயம் செய்யவேண்டியது, முன்வீட்டு வேலியைத்தான் முதலில் தள்ளவேண்டும் என்றார்கள். முன்வீட்டுக்குப் போனால் அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

அவருடைய அவசரம் ஊருக்குத் தெரியும். மகள் பராசக்திக்கு ஏழாம் மாதம். இரண்டு வருடத்துக்கு முன்னர் தலைப்பிள்ளைக்கு வலி கண்டபோது குழந்தை குறுக்கே கிடந்தது. வாடகைக் கார் தெருவில் நின்றது, உள்ளே வர இடமில்லை. கொட்டுகிற மழையில் கதிரையில் வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள், இரண்டு இடத்தில் இறக்கி வைத்தார்கள். ஆசுபத்திரியில் டொக்ரர், இருபது நிமிடம் முந்தி வந்திருந்தால் என்றார். ஊரார் பிள்ளைகளையெல்லாம் உயிரோடு எடுத்துக் கொடுத்த கை, தன் பேரனை மட்டும் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டது. அந்த இருபது நிமிடமும் ஒழுங்கைக்குள்ளேதான் போனது என்பதை அவரால் மறக்க முடியவில்லை. இந்தப் பிள்ளைக்கும் அப்படி ஆகக்கூடாது. அவர் தேர்தலில் நின்றதே அதற்காகத்தான்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசிகசாலையில் நடந்தது. ஞானாம்பிகை அம்மாள் பேசி முடிந்ததும் மாஸ்ரர் எழும்பினார். அவர் கெட்ட மனுசனல்ல. தோற்பதுதான் அவருக்குப் பழக்கமில்லை.

“அக்கா சொல்லுறது நியாயம்தான். ஆனால் அக்காவின்ரை வேலி இப்ப நிக்கிற இடம் சரியோ எண்டு எங்கடை நாகலிங்கம் ஒருக்கால் சொல்லட்டும்.”

நாகலிங்கம் ஊர் முழுவதற்கும் வேலி அடைக்கிறவர். எந்தக் கதியால் எந்த வருடம் எவ்வளவு நகர்ந்தது என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் ஒரு வீட்டு வேலிக்கதையை இன்னொரு வீட்டில் சொன்னால் அவர் தொழில் செய்ய முடியாது. மனுசன் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞானாம்பிகை அம்மாளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“அவரைக் கேளாதேங்கோ, நான் சொல்லுறன். எழுபத்தாறாம் ஆண்டு. ஒரே தரத்திலை ரண்டரை அடி. கக்கூசு கட்ட இடம் காணாமல் கிடந்தது. என்ரை மனுசன் அப்ப கொழும்பிலை, அவருக்குத் தெரியாது. நான்தான் அரக்குவிச்சனான்.”

வாசிகசாலை வாயைப் பிளந்தது. அந்த ஊரில் வேலி அரக்கியதை ஒருவர் தன் வாயால் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. இப்படிப்பட்ட ஒருவரைத் தலைவராக்கினால் நாளைக்கு எல்லாருடைய கதையும் வெளியே வந்துவிடாதா? கை உயர்த்தச் சொன்னபோது மாஸ்ரருக்கு நாற்பத்தொரு கை, அம்மாளுக்குப் பத்தொன்பது. மீசைக்காரர் ஒருவர்கூட அவர் பக்கம் கை தூக்கவில்லை.

அடுத்த நாள் காலை நாகலிங்கத்துக்கு ஆள் போனது.

“தோத்த பிறகும் வேலையோ அம்மா?” என்றார் அவர்.

“வேலியை உள்ளுக்கை அரக்கவேணும். வெளியிலை அரக்கினதிலும் பாக்க ஏதும் கஷ்டமோ?”

“தெரியாதம்மா. இதுவரைக்கும் ஆரும் கேக்கேல்லை.”

வேலி இரண்டரை அடி உள்ளே போனது. கக்கூசு மட்டும் ஒழுங்கைக்குள் தனியே நின்றது. ஞானாம்பிகை அம்மாள் அதையும் அலவாங்கு கொண்டு இடிப்பித்தார். நல்ல கல்லுச்சுவர், முழு நாள் எடுத்தது. புதிதாகக் கட்டச் சீமெந்துக்கு எங்கே போவது என்று பராசக்தி தலையில் கை வைத்தாள்.

“அதுக்கு வழியிருக்கு” என்றார் தாய்.

மறுநாள் விடிந்து ஆறு மணிக்கு, கையில் வாளியோடு மாஸ்ரர் வீட்டுப் படலையைத் திறந்தார். பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பராசக்தி.

“மாஸ்ரர், உங்கடை அறிக்கையிலை மூண்டாவது. அனைவருக்கும் சுகாதார வசதி.”

மாஸ்ரர் என்ன சொல்வார்? தானே எழுதியது, தானே ஒட்டியது. மனைவி திலகவதி வேறு, பிள்ளைத்தாச்சியைப் பார்த்ததும், “உள்ளை வாங்கோ அக்கா, இதிலை என்ன இருக்கு” என்றுவிட்டார்.

மாஸ்ரருக்கு ஒரு பழக்கம். தாள் தட்டுப்பாட்டால் பழைய கொப்பித்தாளில் அச்சடித்து வருகிற அன்றையப் பேப்பரை எடுத்துக்கொண்டு ஆறு மணிக்குக் கக்கூசுக்குள் போனாரென்றால் கடைசிப் பக்கம் முடிந்துதான் வெளியே வருவார். இப்போது அந்த நேரத்தில் கிணற்றடியில் பேப்பரோடு உலாவவேண்டியதாயிற்று. வெளியே வரும் ஞானாம்பிகை அம்மாளோ கடுமையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. “பராசக்திக்கு எட்டாம் மாதம் பிறந்திட்டுது மாஸ்ரர்” என்பார். இன்னொரு நாள், “இந்தமுறையும் பிள்ளை குறுக்கைதான் கிடக்கு” என்பார். சொல்லிவிட்டு வாளியைக் கழுவிக்கொண்டு போய்விடுவார்.

ஒன்பதாம் நாள் மாஸ்ரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நாகலிங்கத்தைத் தேடிப் போனார். அவருடைய வேலி மூன்றடி பின்னால் போனது. அம்மாளைவிட அரையடி கூட என்பதை ஊர் கவனிக்காமல் இல்லை. தலைவரே தள்ளிவிட்டால் மற்றவர்கள் எந்த முகத்தோடு நிற்பது? மாத முடிவுக்குள் முன்வீடும் அதன் முன்வீடும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வேலியைப் பின்னால் எடுத்தார்கள்.

தை மாதம் ஒரு காலை பராசக்திக்கு வலி கண்டது. மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய மொறிஸ் மைனர் புகையைக் கக்கிக்கொண்டு படலைவரைக்கும் வந்து நின்றது. ஆசுபத்திரியில் கத்தி வைத்துத்தான் எடுத்தார்கள். பெண்பிள்ளை, ஆறு இறாத்தல், நல்ல தொண்டை.

பத்து நாள் கழித்து அதே காரில் வந்து இறங்கினார்கள். திலகவதி ஆரத்தித் தட்டோடு நிற்க, மாஸ்ரர் முன்னுக்கு வந்து குழந்தையைக் குனிந்து பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கப் பெரிய சத்தமாகக் கதைத்தார்.

“அக்கா, அடுத்த தேர்தலிலை நீங்கள்தான் தலைவர். முதல் கை என்ரை கை.”

“வேண்டாம் மாஸ்ரர்” என்றார் ஞானாம்பிகை அம்மாள். “நான் வெண்டிருந்தால் வேலியைத் தள்ளச்சொல்லி உங்களுக்கு ஒரு கடிதம் போட்டிருப்பன். நீங்கள் அதுக்குப் பதில் எழுதியிருப்பியள். இந்தப் பிள்ளை அதுவரைக்கும் பொறுத்திருக்குமோ?”

மாஸ்ரர் தன் கையெழுத்தை நினைத்தாரோ என்னவோ, வாசிகசாலைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். குழந்தை பசித்து அழத் தொடங்கியது. அம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.